கேள்வி இல்லாத பதில்கள்

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்தார். தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதன்பின் பல நாட்கள் அவர் திரும்பிய பக்கமெல்லாம் மைக்தான். அப்படி ஒரு பேட்டியில், இறுதிப் போட்டியின் முதல் எறிதல் நெருங்கிய நேரத்தில் தன் ஈட்டியைக் காணாமல் தேடியதாகச் சொன்னார். அது பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமின் கையில் இருந்ததாம். ‘பாய், அது என் ஈட்டி, கொடுங்க, நான் எறியணும்’ என்கிற மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டாராம். முதல் எறிதல் கொஞ்சம் அவசரமாக அமைந்ததற்கு அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

சமூக ஊடகங்களுக்குப் போனதும் அந்தச் சின்னக் கதை சதிக் கதையாகிவிட்டது. பாகிஸ்தான் வீரர் ஈட்டியைச் சேதப்படுத்தப் பார்த்தார் என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். 84.62 மீட்டர் எறிந்து ஐந்தாம் இடம் பெற்ற ஒரு இளைஞர், செய்யாத குற்றத்துக்காக வசைபாடப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று நீரஜே ஒரு வீடியோ வெளியிட வேண்டியதாயிற்று. வீரர்கள் கொண்டுவரும் ஈட்டிகள் ஒரே இடத்தில் வைக்கப்படும், யார் ஈட்டியையும் யாரும் எடுத்து எறியலாம், அது விதிக்கு உட்பட்டதுதான் என்று அவர் விளக்கினார். தன் பேச்சைக் கேவலமான உள்நோக்கங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

நீரஜ் சொன்னதாகச் சுற்றிய வார்த்தைகளில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னார். ஆனால் அந்த விதியைச் சொல்லும் ஒற்றை வரி அந்தக் கதையோடு சேர்ந்து பயணிக்கவில்லை. ஈட்டி எறிதலை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கும் நாட்டில், ‘அவர் கையில் என் ஈட்டி’ என்ற தொடர் எப்படிக் கேட்கும் என்பது விளையாட்டு வீரருக்குத் தெரிய வேண்டியதில்லை. செய்தியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலுக்குக் கூலி கொடுப்பதே அதற்காகத்தான்.

விளையாட்டு வீரர்கள் பேச்சுவாக்கில், நக்கலாக, எரிச்சலில், சில நேரம் வெறும் களைப்பில் சொல்லிவிடும் வாக்கியங்களைச் செய்தியாளர் என்ன செய்வது? போடாமல் விடுவதா, அப்படியே போடுவதா என்ற இரண்டு வழிகள்தான் வழக்கமாகப் பேசப்படுகின்றன. இரண்டுமே போதாது. எந்தக் கேள்விக்கு, எந்தத் தொனியில், எந்த நிலையில் இருந்து அந்தப் பதில் வந்தது என்பதும் மேற்கோளின் பகுதிதான். அதை வெட்டிவிட்டு வார்த்தைகளை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் அச்சிட்டாலும் அது தவறான செய்திதான்.

இதற்கு மிகப் பெரிய சான்று 2002 மே 7 அன்று பிலடெல்பியாவில் நடந்த ஒரு செய்தியாளர் சந்திப்பு. கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சன் முந்தைய ஆண்டுதான் என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்று, தன் அணியான செவன்டிசிக்சர்ஸை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோயிருந்தார். இந்த முறை முதல் சுற்றிலேயே பாஸ்டன் செல்டிக்ஸிடம் தோல்வி. பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று பயிற்சியாளர் லாரி பிரவுன் குறைபட்டிருந்தார். ஐவர்சனை வேறு அணிக்கு விற்றுவிடுவார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் அவர் மைக் முன் உட்கார்ந்தார். கேள்விகள் பயிற்சியையே சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு கட்டத்தில் அவர் வெடித்தார். ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ‘பயிற்சி’ என்ற சொல் இருபது தடவைக்கு மேல் வந்தது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சில நிமிடத் துண்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சோம்பேறி நட்சத்திரத்தின் திமிர் என்று இரண்டு தலைமுறை ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அதே சந்திப்பில் ஐவர்சன் வேறொன்றும் சொன்னார். தன் நெருங்கிய நண்பன் செத்துப்போனான், அவனையும் இழந்தேன், இந்தப் பருவத்தையும் இழந்தேன், வாழ்க்கையில் எல்லாமே சரிந்துகொண்டிருக்கிறது என்றார். அந்த நண்பர் ஏழு மாதங்களுக்கு முன், 2001 அக்டோபரில், கொலை செய்யப்பட்டிருந்தார். துக்கத்தில் இருந்த 26 வயது மனிதன் ஒருவன், தன் வாழ்வின் மிக மோசமான ஆண்டின் முடிவில், பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டபோது வந்த பேச்சு அது. இந்தப் பின்னணியோடு அந்தத் துண்டைப் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு சிரிப்பு வராது.

ஐவர்சன் பயிற்சிக்கு வராதது சரி என்று இதனால் ஆகிவிடாது. பயிற்சியாளரின் குறையில் நியாயம் இருந்தது. செய்தியாளர்கள் அதைக் கேட்டதும் முறையே. ஆனால் நண்பனின் சாவும் அதே மேசையில், அதே மைக்கில் சொல்லப்பட்டது. எதைத் தலைப்பாக்குவது, எதை விடுவது என்ற முடிவு மறுபக்கத்தில் எடுக்கப்பட்டது. சிரிப்பு வந்த பகுதி எடுபட்டது, சிரிப்பு வராத பகுதி விடுபட்டது. ஒலியும் படமும் முழுதாகப் பதிவான நிகழ்ச்சிக்கே இந்தக் கதி என்றால், குறிப்பேட்டில் கிறுக்கி எடுத்த வாக்கியங்களுக்கு என்ன ஆகும்?

சட்டம் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேசன் எதிர் நியூயார்க்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மேசன், தான் சொல்லாத வார்த்தைகளை எழுத்தாளர் ஜேனட் மால்கம் நியூயார்க்கர் இதழில் வந்த தன் கட்டுரையில் மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டதாக வழக்குத் தொடுத்திருந்தார். பேசியவரின் வார்த்தையை மாற்றியதாலேயே அது தெரிந்தே எழுதிய பொய்யாகிவிடாது, அந்த மாற்றம் பொருளைக் கணிசமாக மாற்றியிருந்தால்தான் அப்படிக் கொள்ள முடியும் என்றது நீதிமன்றம். அதாவது அளவுகோல் வார்த்தையில் இல்லை, பொருளில் இருக்கிறது. செய்தி அறைகள் இந்தத் தர்க்கத்தை மறுமுனைக்கும் கொண்டுபோக வேண்டும். வார்த்தை ஒன்றுகூட மாறாமல் பொருள் தலைகீழாக மாறியிருந்தால், நீதிமன்றத்தில் தப்பித்துவிடலாம். வாசகரிடம் அது நேர்மையாகாது.

சரி, விளையாட்டாகச் சொன்னதை எழுதாமலே விட்டுவிடலாமே என்று தோன்றலாம். வீரரோடு நல்லுறவு கெடாது, யார் மனமும் புண்படாது. இந்த எண்ணம் எவ்வளவு பெரிய தவறு என்பதை 1966 பிப்ரவரி 17 காட்டுகிறது. அன்று மயாமியில் முகமது அலி தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு செய்தி வந்தது. முன்பு ராணுவத்துக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட அவர், இப்போது தகுதியானவர் என்று மறுவகைப்படுத்தப்பட்டிருந்தார். நியூயார்க் டைம்ஸின் ராபர்ட் லிப்சைட் அப்போது அவருடன் இருந்தார். அடுத்த சில மணி நேரம் தொலைபேசி ஓயவில்லை, தொலைக்காட்சி வண்டிகள் வந்து குவிந்தன. வியட்நாம் பற்றி என்ன நினைக்கிறீர்கள், போரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஒரே கேள்வி பல வாய்களில் வந்துகொண்டே இருந்தது. முதலில் அலி, ஏன் என்னைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தன்னைப் பற்றித்தான் புலம்பினார். கடைசியில், சலித்துப்போன நிலையில், அந்த வியட்காங்குகளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை என்றார்.

எந்த ஆசிரியராவது அதை ‘கோபத்தில் சொன்னது, விட்டுவிடுவோம்’ என்று அடித்திருந்தால் அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான விளையாட்டு மேற்கோள் அச்சேறியிருக்காது. அச்சேறியது. மூத்த பத்தியாளர்கள் பலர் அவரைக் கிழித்தார்கள். சிகாகோவில் எர்னி டெரலுடன் நடக்கவிருந்த போட்டி சிக்கலுக்குள்ளானது. இல்லினாய் குத்துச்சண்டை ஆணையம் அலியை அழைத்து மன்னிப்பு எதிர்பார்த்தது, அவர் கேட்கவில்லை. போட்டி கனடாவின் டொரன்டோவுக்கு, ஜார்ஜ் சுவாலோவுடன் என்று மாறியது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவச் சேர்க்கையை அலி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தபடி போராடி, 1971 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்குப் பூஜ்யம் என்று வென்றார்.

பேச்சுவாக்கில் வந்த வாக்கியத்துக்குள் ஒரு மனிதனின் முழு நம்பிக்கையும் முளைவிட்டுக்கொண்டிருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அன்று தேவைப்பட்டது அடுத்த கேள்வி. சண்டை இல்லை என்றால் என்ன அர்த்தம்? மதத்தால் சொல்கிறீர்களா, நிறத்தால் சொல்கிறீர்களா, பயத்தால் சொல்கிறீர்களா? பல பத்திகள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதின.

பின்னணி எப்போதும் வீரரைக் காப்பாற்றும் என்று நினைப்பதும் பிழை. 1976 கோடையில் இங்கிலாந்து கிரிக்கெட் அணித் தலைவர் டோனி கிரேக், மேற்கிந்தியத் தீவுகளுடனான தொடருக்கு முன் பிபிசி தொலைக்காட்சியில் பேசினார். இவர்கள் மேலே இருக்கும்போது பிரமாதமாக ஆடுவார்கள், கீழே விழுந்தால் மண்டியிட்டுக் கெஞ்சுவார்கள், அவர்களை அப்படிக் கெஞ்ச வைக்கப்போகிறேன் என்றார். பலர் எடுத்துக் காட்டுவது கடைசித் துண்டை மட்டும்தான். முழுசாகப் போட்டால் குற்றம் குறைகிறதா? இல்லை. பேசியவர் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர். பேசப்பட்டவர்கள் அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்கள். தொடர் நடந்துகொண்டிருந்த ஜூன் 16 அன்றுதான் அந்த நாட்டின் சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இங்கே பின்னணி அந்தச் சொல்லின் பாரத்தைக் கூட்டுகிறது. போட்டிக்கு முந்தைய வெறும் சவடால் என்று அதைக் கடந்துபோன செய்தியாளர் தன் வேலையைச் செய்யவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் 3–0 என்று தொடரை வென்றது. விவியன் ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டில் 829 ரன் குவித்தார். ஓவலில் மைக்கேல் ஹோல்டிங் 149 ரன் கொடுத்து 14 விக்கெட் வீழ்த்தினார். அதே ஓவலில், ரசிகர்கள் முன்னால் கிரேக் முழங்காலில் ஊர்ந்து காட்டினார்.

விராட் கோலி 2018 நவம்பரில் தன் செயலிக்கான வீடியோவில், இந்திய ஆட்டக்காரர்களைவிட இங்கிலாந்து, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களைப் பிடிக்கும் என்ற ரசிகரிடம் அப்படியானால் வேறு நாட்டில் போய் வாழுங்கள் என்றதும் இந்த வகைதான். எரிச்சலில் வந்தது உண்மை. ஆனால் நாட்டுப்பற்றையும் மட்டைப் பிடித்தலையும் ஒன்றாக்கிய கருத்து அதில் இருந்தது, அதைக் கேள்வி கேட்டவர்கள் சரியாகவே கேட்டார்கள்.

நக்கலாகச் சொன்ன வாக்கியத்துக்குள் சில நேரம் சரிபார்க்கக்கூடிய தகவல் ஒளிந்திருக்கும். 2025இல் குரோஷியாவின் ஜாக்ரெபில் நடந்த விரைவுச் சதுரங்கப் போட்டிக்கு முன், மாக்னஸ் கார்ல்சன் உலகச் சாம்பியன் குகேஷைப் பற்றி, இப்படிப்பட்ட போட்டியில் அவர் சாதிப்பார் என்று காட்ட இதுவரை எதுவும் இல்லை, எனவே இந்தப் போட்டியில் வலுக்குறைந்த ஆட்டக்காரர்களில் ஒருவரோடு ஆடுவதாக நினைத்தே ஆடுவேன் என்றார். ‘இந்தப் போட்டியில்’ என்ற வரம்பு பல தலைப்புகளில் காணாமல்போனது. உலகச் சாம்பியனைப் பலவீனமானவர் என்றார் கார்ல்சன் என்று செய்தி ஓடியது. சென்னை ரசிகர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் கார்ல்சன் பேசியது நிதான ஆட்டத்தைப் பற்றியல்ல, விரைவு ஆட்டத்தைப் பற்றி. நிதான ஆட்டத்திலும் விரைவு ஆட்டத்திலும் குகேஷின் பதிவு எப்படி என்று தரவரிசையைப் புரட்டிப் பக்கத்தில் வைத்திருந்தால், அந்த நக்கல் எவ்வளவு உண்மை, எவ்வளவு உளவியல் விளையாட்டு என்று வாசகரே எடைபோட்டிருப்பார். ஜூலை 3 அன்று விரைவுச் சுற்றில் குகேஷ் கார்ல்சனைத் தோற்கடித்தார், விரைவுப் பிரிவில் முதலிடமும் பிடித்தார். மின்னல்வேகப் பிரிவும் சேர்ந்த ஒட்டுமொத்தப் போட்டியைக் கார்ல்சன் வென்றார். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்ன செய்திதான் முழுச் செய்தி.

கேள்வியையும் சேர்த்தே மக்கள் நினைவில் வைத்திருக்கும் மேற்கோள்களும் உண்டு. மகேந்திர சிங் தோனி அதில் கைதேர்ந்தவர். 2016 மார்ச் 31 அன்று மும்பையில் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றபின், ஓய்வு பற்றி ஒரு ஆஸ்திரேலியச் செய்தியாளர் கேட்டார். தோனி அவரை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் ஓய்வு பெற வேண்டும் என்று விரும்புகிறீர்களா, என் ஓட்டத்தைப் பார்த்தீர்களா, 2019 வரை தாக்குப்பிடிப்பேனா என்று எதிர்க்கேள்விகள் கேட்டார். தாக்குப்பிடிப்பீர்கள் என்று அவர் சொன்னதும், உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று முடித்தார். 2020 நவம்பர் 1 அன்று அபுதாபியில் வர்ணனையாளர் டேனி மாரிசன், சென்னை சூப்பர் கிங்ஸுக்கு இதுதான் உங்கள் கடைசி ஆட்டமா என்று கேட்டபோது வந்த ‘டெஃபனட்லி நாட்’ சென்னையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இந்த இரண்டு சொல்லையும் கேள்வி இல்லாமல் யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அதனால்தான் அது திரிக்கப்படவில்லை.

ரவிச்சந்திரன் அஸ்வின் 2021 ஜனவரியில் தன் யூட்யூப் உரையாடலில், இங்கிலாந்துத் தொடரில் புஜாரா இறங்கி வந்து சுழற்பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தால் பாதி மீசையை எடுத்துவிட்டு ஆட வருகிறேன் என்றார். பயிற்சியாளர் விக்ரம் ராத்தோருடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னது என்று செய்திகள் சொன்னதால் அது சிரிப்பாகவே போய்ச் சேர்ந்தது. அதே அஸ்வின் 2023 ஜூனில், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் இடம் கிடைக்காத கையோடு வெளிவந்த ஒரு நீண்ட பேட்டியில், முன்பு அணியினர் நண்பர்கள், இப்போது உடன் பணிபுரிபவர்கள் என்றார். அணிக்குள் பிளவு என்று அது தலைப்பானது. பிறகு அவர் தன் அலைவரிசையில், தான் சொன்னது வேறு, புரிந்துகொள்ளப்பட்டது வேறு என்று விளக்கினார். முன்பு சுற்றுப்பயணங்கள் நீளமாக இருக்கும், நட்பு வளர இடம் இருக்கும், இப்போது ஒரு மாதம் ஒரே அணியில், அடுத்த மாதம் எதிரெதிர் அணியில் என்பதைத்தான் சொன்னேன் என்றார். அந்த விளக்கத்தில் இருந்த விஷயம், நவீன கிரிக்கெட்டின் வாழ்க்கைமுறை பற்றி, தலைப்பில் வந்ததைவிடப் பல மடங்கு சுவாரசியமானது. பரபரப்பைத் துரத்தியதில் நல்ல செய்தி ஒன்று கைநழுவியது.

இந்தத் துரத்தலின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் வாசகர்தான். அமெரிக்கக் கால்பந்து வீரர் மார்ஷான் லிஞ்ச், ஊடகத்திடம் பேசாததற்காக 2014இல் ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டினார். 2015 ஜனவரியில் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஊடக நாளன்று, எந்தக் கேள்விக்கும் ‘அபராதம் போடக் கூடாது என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்’ என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். நவோமி ஒசாகா 2021 பிரெஞ்சு ஓபனில் செய்தியாளர் சந்திப்புக்கு வர மறுத்து, 15,000 டாலர் அபராதம் வாங்கி, போட்டியிலிருந்தே விலகினார். பேசுகிறவர்களும் இன்று பாதுகாப்பான வாக்கியங்களையே பேசுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டமாகப் பார்க்கிறோம், பையன்கள் நன்றாக ஆடினார்கள், முடிவு நம் கையில் இல்லை. ஒரு நக்கல் ஒரு வாரத் தலைவலியாகும் என்று கற்றுக்கொண்டவர் வேறென்ன பேசுவார்? மனம்விட்டுப் பேச நினைப்பவர்கள் சொந்த அலைவரிசை தொடங்கிவிட்டார்கள். அங்கே சங்கடமான கேள்வி கேட்க ஆள் இல்லை.

செய்யக்கூடியவை எல்லாமே எளியவை. நக்கலாக ஒரு பதில் வந்தால் அந்த இடத்திலேயே ‘நிஜமாகத்தான் சொல்கிறீர்களா, இதை எழுதலாமா’ என்று கேட்பது முதல் வேலை. இது அனுமதி கேட்பதாகாது, பொருளை உறுதிசெய்வது. சொன்னதைப் பிறகு வாபஸ் வாங்கும் உரிமை வீரருக்கு இல்லை. ஆஃப் தி ரெக்கார்டு என்ற உடன்பாடு பேசும் முன் வர வேண்டும், பேசிய பின் அல்ல. மூன்றாவது ஆள் ஒருவரைக் காயப்படுத்தும் வாக்கியமாக இருந்தால் அந்த ஆளிடமும் கேட்டாக வேண்டும். வீரர் சிரித்துக்கொண்டு சொன்னார் என்றால் சிரித்துக்கொண்டு சொன்னார் என்று எழுதுவது வர்ணனை அல்ல, தகவல். தலைப்பு வைப்பவர் பெரும்பாலும் அந்த அறையில் இருந்தவர் அல்ல. எனவே மேசையில் இருக்கும் உதவி ஆசிரியருக்குத் தொனியைச் சொல்லிவைப்பதும் செய்தியாளரின் பொறுப்பு. தலைப்பு தனக்குக் கீழே உள்ள செய்தியை நியாயப்படுத்த வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளே சொல்கின்றன.

வீரரின் குடும்பத்தார் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வை அறிவித்தார். மறுநாள் சென்னையில் அவருடைய தந்தையிடம் மைக் நீட்டப்பட்டது. மகன் அவமானப்படுத்தப்பட்டிருக்கலாம், எத்தனை நாள்தான் பொறுப்பான் என்கிற மாதிரி அவர் பேசினார். ஒரு தகப்பனின் ஆதங்கம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. அஸ்வின் எக்ஸ் தளத்தில், அப்பாவுக்கு ஊடகப் பயிற்சி கிடையாது, ‘டேய் ஃபாதர் என்னடா இதெல்லாம்’ என்று சிரிப்போடு எழுதி, அவரை மன்னித்துத் தனியாக விட்டுவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார். பதினான்கு ஆண்டு சர்வதேச கிரிக்கெட்டையும் 537 டெஸ்ட் விக்கெட்டுகளையும் பற்றிப் பேசியிருக்க வேண்டிய நாளில், அவர் தன் தந்தையின் ஒரு சொல்லுக்காகப் பரிந்துபேசிக்கொண்டிருந்தார்.

தமிழ் விளையாட்டுப் பக்கங்களும் யூட்யூப் அலைவரிசைகளும் ஒரு வழக்கத்தை இன்றே தொடங்கலாம். மேற்கோள் எதுவானாலும் அதற்கு மேலே கேள்வியை ஒரு வரியில் போடுங்கள். எங்கே, எப்போது, எந்த மொழியில் சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் மேற்கோளைக் குறைத்துக்கொள்ளுங்கள், கேள்வியை எடுத்துவிடாதீர்கள். வாசகர்களும் கேட்கலாம்: பரபரப்பான ஒரு வாக்கியம் கைபேசியில் வந்து விழும்போது, அதைப் பகிரும் முன், இவரிடம் என்ன கேட்டார்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.